ஸ்தோத்திரப் பண்டிகையில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள், எனக்குச் சந்தோஷமே இல்லையே

ஏரல் தையல்காரி:

எல்லாருக்கும் தோத்திரம். இங்கே நான் வாசிப்பதோடு சரி, எழுதியது கிடையாது. போனில் தமிழில் எழுத மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஏரல் பக்கம். பஜாரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். 17-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போதே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு பேப்பரில் பார்த்தோம். எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. கடைக்குள் தண்ணீர் வெட்டுகிற மேஜையைத் தாண்டி, துணி தொங்கவிடும் கம்பி வரைக்கும் வந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள்தான் இருந்தது. தைத்து முடித்து ஹூக் வைக்க வேண்டிய ஜாக்கெட் மட்டும் நாற்பதுக்கு மேல், அத்தனையும் ஊரார் துணி. ஜனவரியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பிள்ளையின் வெள்ளைச் சேலையும் அதில் இருந்தது. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கினால், அந்தச் சேலை ஆற்று வண்டலில் முறுக்கிக்கொண்டு மிஷின் காலில் சுற்றிக் கிடந்தது. ஏழு தண்ணீர் அலசியும் மஞ்சள் போகவில்லை. மோட்டார் மிஷின் இரண்டும் போச்சு.

சரி, அதிலிருந்து எப்படியோ எழுந்தோம். துணிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் பணம் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு மாசாமாசம் கொடுத்து முடித்தேன். அடுத்த வருஷம் ஆடியில் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நின்றுகொண்டே இருப்பதால் வீக்கம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். டெஸ்ட் எடுத்தால் இரண்டு கிட்னியும் முடியாது என்றார்கள். இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது, அது ஒரு பெரிய உதவி. இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பது. அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே வண்டு பறக்கிற மாதிரி அதிரும். காலையில் எழுந்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். அதிர்ந்தால் அன்றைக்குப் பாடு சரி. அதற்கப்புறம்தான் எனக்கு ஜெபமே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் அடுத்த மாசம் ஸ்தோத்திரப் பண்டிகை, ஆண்டவருக்கு நன்றி சொல்லுகிற திருநாள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்து, "இவ்வளவு கஷ்டத்திலும் எப்பவும் சிரிச்ச முகமா இருக்கீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்லுங்க" என்று கேட்டார்கள். சாட்சி என்றால் ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததைச் சபை முன் சொல்வது. நானும் தலையாட்டிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மணி இருக்கும். அடுக்களையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அவர் இருட்டில் குடத்தில் மொண்டு சொம்போடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார், தெரியும்தானே. நான் சொம்பைப் பிடுங்கினேன். "சாகணும்னா ஒரேயடியா செத்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாயால். அவர் ஒன்றும் பேசவில்லை. மார்பெல்லாம் நனைந்து நின்றார், துடைக்கக்கூட இல்லை. அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டார்.

இந்த வாயை வைத்துக்கொண்டு மைக்கில் ஏறி "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று நான் சொல்ல முடியுமா? பார்க்கிறவர்கள் எல்லாரும் "தைரியமா இருங்க" என்கிறார்கள். தைரியம் என்றால் என்னவென்றே எனக்கு மறந்துபோயிற்று. கடையில் சிரிக்கிறேன், கோயிலில் சிரிக்கிறேன், அது வியாபாரத்துச் சிரிப்பு. எங்கள் வீட்டில் சந்தோஷம் என்று ஏதாவது இருந்தால் அது அவரிடம்தான். ஒரு காலத்தில் பாடகர் குழுவில் பேஸ் (கனத்த கீழ்க்குரல்) பாடினவர். டயாலிசிஸ் நாலு மணி நேரமும் கையை அசைக்காமல் கண்ணை மூடி ஏதாவது கீர்த்தனையை முனகிக்கொண்டிருப்பார். பக்கத்துக் கட்டிலில் காயல்பட்டினத்துப் பாய் ஒருவர். "போன தடவை நிறுத்தின இடத்துலருந்து பாடுங்க அண்ணாச்சி" என்பார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பஸ் காசு கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாட்சி சொல்லவா, உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கவா? உண்மையாகவே கேட்கிறேன்.

ஜெபவீரன்:

சகோதரி, முறுமுறுப்பு பிசாசின் கருவி. நீங்கள் சொன்ன அந்த வசனம், பிலிப்பியர் 4:4, ஒரு கட்டளை, ஆலோசனை அல்ல. சூழ்நிலையைப் பார்க்காதீர்கள், வாயினால் அறிக்கை செய்யுங்கள், சந்தோஷம் தானாக வரும். 21 நாள் உபவாசம் எடுங்கள். வீட்டில் ஏதாவது சாபக்கட்டு இருக்கிறதா என்றும் ஆராய்ந்து பாருங்கள்.

பாளை வாத்தியார்:

ஜெபவீரன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் பஸ் ஏறுகிற ஒருத்தியிடம் 21 நாள் உபவாசம் இருக்கச் சொல்கிறீர்கள். சாபக்கட்டுக்கு நான் வரவே இல்லை.

தங்கச்சி, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரசங்கியார் இல்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் "வரியை மட்டும் பார்க்காதே, மேலேயும் கீழேயும் பார்" என்று சொல்லித்தான் பிழைத்தேன். பிலிப்பியருக்கும் அதையே செய்வோம்.

அந்தக் கடிதம் பவுல் சிறையிலிருந்து பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதியது. அந்தக் காலத்து ரோமச் சிறையில் கைதியின் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் வெளியிலிருந்து யாராவது பார்த்தால்தான் உண்டு. பிலிப்பி சபை கொஞ்சம் பணமும் பொருளும் திரட்டி எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் கொடுத்தனுப்பியது. கொண்டுவந்த மனுஷன் அங்கே வியாதியில் விழுந்து சாகக் கிடந்தார். அவர் பிழைத்ததைப் பவுல் எப்படி எழுதுகிறார் பாருங்கள். இரண்டாம் அதிகாரம், 27-ம் வசனம்: "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு எனக்கும் இரங்கினார்." துக்கத்தின்மேல் துக்கம்! அப்படியானால் ஏற்கெனவே ஒரு துக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதின அதே பேனா, அதே கடிதம். நம்முடைய பிரசங்கங்களில் நாலாம் அதிகாரத்துக்குக் கிடைக்கிற மரியாதை இந்த 27-ம் வசனத்துக்குக் கிடைப்பதில்லை.

இன்னும் சொல்லப்போனால் 4:4-க்கு இரண்டு வசனம் மேலே எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல். பெண்கள் ஐக்கிய சங்கம் அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது (அடிக்க வராதீர்கள்). சண்டையும் கண்ணீரும் பணக்கஷ்டமும் உள்ள ஒரு சபைக்குத்தான் அந்த வார்த்தை போயிற்று. பளபளவென்று இருந்த சபைக்கு அல்ல.

தைரியத்துக்கு வருவோம். மதுரை அரசரடியில் இறையியல் படித்த என் மருமகன் ஒருநாள் சொன்னதை மறக்க முடியவில்லை. நம் வேதாகமத்தில் "தைரியம்" என்று வருகிற பல இடங்களில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் பர்ரேசியா. 'எல்லாவற்றையும் சொல்லுதல்' என்பதுதான் அதன் வேர்ப்பொருள். பழைய ஏதென்ஸ் நகரத்து மக்கள் மன்றத்தில் ஒரு குடிமகன் எழுந்து மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் பேசுகிற உரிமைக்கு அந்தப் பெயர். நாம் தைரியம் என்றதும் மார்பை நிமிர்த்துவதை நினைக்கிறோம். அவர்கள் வாயைத் திறப்பதை நினைத்தார்கள்.

அப்போஸ்தலர் 4-ஐ எடுங்கள். பேதுருவையும் யோவானையும் மிரட்டி அனுப்பிவிட்டார்கள். சபை கூடி ஜெபிக்கிறது. "அவர்கள் பயமுறுத்தல்களை தேவரீர் கவனித்து" என்று தங்களுக்கு வந்த மிரட்டலைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். அப்புறம்தான் "முழு தைரியத்தோடும்" பேச அருள் கேட்கிறார்கள். கையில் இருப்பதை யாராவது கேட்பார்களா? இல்லாததினால்தான் கேட்டார்கள். எபிரெயர் 4:16-ல் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்று வருகிறதே, அங்கேயும் அதே சொல்தான். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே கிட்டே போவது.

நீங்கள் இந்த ராத்திரிக் கதையை இங்கே எழுதினீர்களே, சொம்பைப் பிடுங்கியதிலிருந்து சொன்ன சொல் வரைக்கும், என் கணக்கில் அது பர்ரேசியா. இதைவிட ஒளிக்காமல் எழுதின சாட்சியை நான் எங்கள் கோயிலில் கேட்டதில்லை. என் சாட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் அந்தச் சொல்லுக்காக ஏதாவது பேசினீர்களா? எங்களிடம் சொன்னது இருக்கட்டும்.

குவைத் நர்ஸ்:

ஏரல் அக்கா, நான் மார்த்தாண்டம் பக்கம், குவைத்தில் டயாலிசிஸ் பிரிவில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். வாத்தியார் ஐயா வசனம் சொல்லிவிட்டார், நான் தண்ணீர் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: அந்தத் தாகம் பேராசை கிடையாது. டயாலிசிஸ் பேஷண்டுக்கு வருகிற தாகம் நமக்கு வருகிற தாகம் மாதிரி இல்லை. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டும். படித்தவர்கள், பெரிய பதவியில் இருக்கிறவர்கள்கூட ராத்திரி பாத்ரூம் குழாயில் குடித்துவிட்டு எங்களிடம் பொய் சொல்வார்கள். எடை மிஷினில் ஏறினால் தெரிந்துவிடும், பாவம். அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். உங்கள் மேலும்.

டாக்டர் சொன்ன அளவை, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், காலையிலேயே ஒரு பாட்டிலில் நிரப்பி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவரே பார்த்துப் பார்த்துக் குடிக்கட்டும். காபி, மோர், ரசம், கஞ்சித் தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்கில்தான், அவற்றைக் குடித்தால் பாட்டிலில் அவ்வளவு குறையுங்கள். சின்ன டம்ளர் வையுங்கள், சொம்பு வேண்டாம். அந்த அளவிலேயே கொஞ்சத்தை ஐஸ் கட்டியாக்கி வைத்தால் ஒரு கட்டி வாயில் ரொம்ப நேரம் கிடக்கும். வீட்டில் உப்பு எப்படி? கருவாடு, ஊறுகாய், அப்பளம் உள்ளே போனால் தண்ணீர் கேட்கத்தான் செய்யும். அப்புறம் ஸ்தோத்திரப் பண்டிகையில் அசனம் (கோயில் விருந்து) உண்டா? ஆட்டுக்கறிக் குழம்பை அள்ளி ஊற்றிவிடப்போகிறார்கள். இப்போதே சொல்லிவையுங்கள்.

விசுவாசம் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. இங்கே வெள்ளிக்கிழமைதான் ஆராதனை, டூட்டி இருந்தால் அதுவும் கிடையாது. எங்கள் வார்டில் ஒரு வயசான எகிப்துக்காரர், காப்டிக் சபை, அந்த நாட்டுப் பழைய கிறிஸ்தவ சபை. மிஷினில் போட்டதும் மணிக்கட்டில் பச்சை குத்தின சிலுவையைத் தொட்டுவிட்டு, எனக்கு ஒரு ஜோக் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அதே ஜோக். அரபி எனக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் அவர் வராத நாளில் வார்டு வேறு மாதிரி இருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அண்ணன் பாடுவதும் பாய் கேட்பதும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் ஏன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அங்கே விடுவார்கள் என்றால், கொஞ்ச நேரம் உள்ளே போய் உட்காருங்கள் அக்கா.

ஏரல் தையல்காரி:

வாத்தியார் அண்ணாச்சி, நீங்கள் கேட்டதற்கு: பேசவில்லை. அடுத்த நாள் காலையில் இட்லிக்கு அவருக்குப் பிடித்த மாதிரி தேங்காய் அதிகம் போட்டுச் சட்னி அரைத்தேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்பது சட்னிதான். (தேங்காயும் அளவாகத்தான் சேர்க்க வேண்டுமாம், அதுவும் தப்பு.)

நர்ஸ் தங்கச்சி, பாட்டில் யோசனை நல்லா இருக்கு. மகளிடம் சொல்லி அரை லிட்டர் பாட்டிலில் சாக்பீஸால் கோடு போட்டோம். கோடு அழிகிறது என்று அவரே பிளாஸ்டர் ஒட்டினார்.

பவுலுக்குப் பிலிப்பிக்காரர்கள் பணம் அனுப்பினார்கள் என்று படித்ததும் எனக்கு உறுத்தியது. போன மாசம் எங்கள் கோயில்குட்டியின் (கோயில் வேலையாள்) மனைவி ஒரு கவர் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கே கஷ்டம். நான் அன்றைக்குச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "எங்களுக்குக் கர்த்தர் பார்த்துப்பார்" என்றேன். அது விசுவாசம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவள் முகம் எப்படி ஆயிற்று என்பது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கடற்கரைக்காரன்:

அக்கா, நாங்கள் கத்தோலிக்கர்கள், குமரி மேற்குக் கடற்கரை. உங்கள் மாதிரி வசனம் அத்தியாயத்தோடு சொல்ல வராது. எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். ஆழ்கடலுக்குப் போன ஆட்கள் கடலிலேயே மாட்டிக்கொண்டார்கள். என் சித்தப்பா வரவில்லை. உடலும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்வோம், யாருக்காவது போன் வந்தால் செபம் பாதியில் நிற்கும். டிசம்பர் 7-ந்தேதி தூத்தூர், சின்னத்துறை என்று எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்கள், இன்னும் போய்த் தேடுங்கள் என்றுதான் கேட்டார்கள். என் சித்தி அதற்குமுன் வங்கியில் படிவம் நிரப்பக்கூடப் பேசப் பயப்படுகிற ஆள். அன்றைக்குப் போலீஸ்காரர் ஒருவரிடம், "உங்க வீட்டு ஆம்பளை கடல்ல கிடந்தா நீங்க லத்தியோட இங்க நிப்பீங்களா சார்" என்று கேட்டாள். கையில் செபமாலை இருந்தது. வாத்தியார் ஐயா சொன்ன அந்தக் கிரேக்கச் சொல் சித்திக்குத் தெரியாது.

எங்கள் மாவட்டத்துப் புனிதர் தேவசகாயத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். முன்பெயர் நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா காலத்தில் அரசு வேலையில் இருந்தவர். வீட்டில் மாடு செத்து, விளைச்சல் போய், நொந்துபோயிருந்தபோது டிலனாய் என்ற டச்சுப் படைத்தலைவர்தான் அவருக்கு யோபு கதையைச் சொன்னாராம். டிலனாயே 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட ஆள். எல்லாம் போன ஒருவர், போய்க்கொண்டிருக்கிற இன்னொருவருக்கு, எல்லாம் போன மூன்றாவது ஆளின் கதையைச் சொல்லியிருக்கிறார். அதில்தான் எங்கள் ஊர் விசுவாசத்தின் ஒரு பெரிய கிளை முளைத்தது. அப்புறம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனது, 1752-ல் காற்றாடி மலையில் சுட்டது எல்லாம் தெரிந்ததுதான். அந்த மலையில் ஒரு பாறை உண்டு, கல்லால் தட்டினால் மணி மாதிரிச் சத்தம் கேட்கும். சின்னப் பிள்ளையில் சித்தப்பாதான் என்னைத் தூக்கித் தட்டவைத்தார்.

யோபு ஒன்றும் சிரித்த முகமாக இருக்கவில்லை அக்கா. பிறந்த நாளையே சபித்தார். கடைசியில் கடவுள் கோபப்பட்டது யார் மேல்? ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் மேல். என்னைப் பற்றி யோபு பேசினதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். ஜெபவீரன் அண்ணன் இதை ஒருமுறை படிக்கலாம்.

சந்தோஷம் பற்றிக் கேட்டீர்கள். அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ஸ்டார் கட்டவில்லை. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கும் யாரும் கட்டமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சித்தி தானே ஏணி வைத்து ஏறி, சித்தப்பா வாங்கி வைத்திருந்த பழைய ஸ்டாரைக் கட்டினாள். உள்ளே பல்பு எரியவில்லை, வயரில் ஏதோ கோளாறு. எரியாத ஸ்டார் தை பிறக்கும் வரை தொங்கியது. ஏன் கட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜெபவீரன்:

நான் யாரையும் புண்படுத்த எழுதவில்லை. என் அம்மாவுக்குக் கேன்சர் வந்தபோது எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னேன். அம்மா 21 நாள் இருந்தார்கள், உபவாசம். முடிவு எப்படி ஆயிற்று என்று எழுத விருப்பமில்லை. ஏரல் சகோதரி, மன்னியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பினால் ஜெபிக்கிறேன், அவ்வளவுதான்.

பாளை வாத்தியார்:

தம்பி, நானும் உங்கள் மேல் கொஞ்சம் வேகமாகத்தான் பாய்ந்துவிட்டேன். அம்மாவைப் பற்றி எழுதத் தோன்றினால் எழுதுங்கள். தோன்றாவிட்டால் விடுங்கள். நானும் ஜெபிக்கிறேன்.

ஏரல் தையல்காரி:

பண்டிகை முடிந்து நாலு நாள் ஆயிற்று. தீபாவளி ஆர்டர் குவிந்துகிடப்பதால் இப்போதுதான் எழுத முடிந்தது.

அதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் சிஸ்டரிடம் கேட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "அன்றைக்கு ராத்திரி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். நாலு மிஷின் ஓடுகிற சத்தத்தில் மெதுவாகச் சொல்ல முடியவில்லை, பாய்க்கும் கேட்டுவிட்டது. பாய் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், நல்ல மனுஷன். இவர் சொன்னது: "நீ பிடுங்கினப்போ சொம்புல பாதி என் மேலதான் ஊத்திச்சு. குளுகுளுன்னு நல்லாத்தான் இருந்துச்சு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாபாரத்துச் சிரிப்பு இல்லை. சிஸ்டர் வந்து சத்தம் போடாதீங்க என்றார்.

சாட்சி சொன்னேன். ஐந்து நிமிஷம் எங்கே, மூன்று நிமிஷம்கூட இருக்காது. வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன், சொம்பைப் பற்றி முழுசாகச் சொன்னேன். எனக்குச் சந்தோஷம் எப்பவும் இல்லை, சில நாள் இருக்கிறது, இல்லாத நாளில் இல்லையென்று ஆண்டவரிடம் சொல்கிறேன் என்றேன். எல்லாம் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற ஆபகூக்கு 3:17, 18 வாசித்தேன். "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்" என்ற இடத்தில் மிஷின் ஞாபகம் வந்து குரல் உடைந்துவிட்டது, மீதியை ஐயரம்மா (போதகரின் மனைவி) வாசித்து முடித்தார்கள். கோயில் கப்சிப்பென்று இருந்தது. நன்றாகச் சொன்னேனா, கெடுத்தேனா தெரியவில்லை. ஒரு பெரியவர் வெளியே வந்து, சாட்சி என்றால் ஜெயத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுச் சண்டையை எல்லாம் சொல்லக் கூடாது என்றார். இருக்கட்டும்.

காய்கறி ஏலம் நடந்துகொண்டிருந்தபோது (ஒரு பூசணிக்காய் அறுநூறு ரூபாய்க்குப் போனது, இரண்டு மூப்பர்களுக்குள் போட்டி) கோயில்குட்டியின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மாமியார் ஆறு வருஷமாகப் படுக்கையில். "நானும் ஒருநாள் கையை ஓங்கிட்டேங்க்கா" என்று என் காதில் சொன்னாள், அவ்வளவுதான், வேறு பேசவில்லை. நான் அந்தக் கவர் இன்னும் இருக்கா என்று கேட்டேன். செலவாயிடுச்சு என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஹூக் வைக்கத் தெரியுமாம். சரி என்றேன்.

அசனத்தில் இவருக்குத் தனியாகக் குழம்பு ஊற்றாமல் சோறும் கொஞ்சம் கத்தரிக்காயும் வைக்கச் சொல்லியிருந்தேன். வைத்தார்கள். பக்கத்து இலையிலிருந்து ஒரு துண்டு கறி எடுத்ததை நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அடுக்களையில் குடம் இருந்த இடத்தில் இப்போது அந்தப் பிளாஸ்டர் ஒட்டின பாட்டில் இருக்கிறது. நேற்று ராத்திரியும் சத்தம் கேட்டது. எழுந்து போகவில்லை. பாட்டில் மூடி திறக்கிற சத்தம், அப்புறம் மூடுகிற சத்தம். காலையில் பார்த்தேன், கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.